பரதேசி யார்? – ஒரு எபிரேய வசனமும் எங்கள் தேயிலைத் தோட்டமும்



இந்து இளைஞர்களுக்கான இதழில் யூதர்களின் வேதத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். எழுத உட்காரும்போது எனக்கே அந்தத் தயக்கம் இருந்தது. அதுவும் மலேசியாவில்! நம் கடப்பிதழைத் திறந்து பாருங்கள், இஸ்ரேலைத் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லலாம் என்று அச்சடித்திருக்கும். செய்தியில் தினமும் என்ன வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். நான் சொல்லப்போகும் வசனத்தை முதலில் அந்த நாட்டைப் பார்த்தே கேட்கலாம். அங்குள்ள யூதர்களில் பலரே அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் அடுத்தவனைக் கேட்பதற்கு ஒரு வசனத்தைப் பயன்படுத்துவது சுலபம். நான் எழுத வந்தது அது என்னையே கேட்ட கதை.

அதற்கு முன் ஒன்று. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் பேசியதை நாம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியில் ஒப்பிக்கிறோம். "சகோதரிகளே, சகோதரர்களே" என்று அவர் தொடங்கியதும் கைதட்டல் எழுந்ததோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அதே உரையில் அவர் தம் நாட்டைப் பற்றிப் பெருமைப்பட்ட விஷயங்களில் ஒன்று, ரோமானியர்கள் யூதர்களின் கோயிலை இடித்தபோது தப்பி வந்தவர்களுக்குத் தென்னிந்தியா அடைக்கலம் கொடுத்தது என்பது. கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. 1568ல் கட்டியது. இடம் கொடுத்தவர் ஓர் இந்து ராஜா. அதன் பெயர் என்ன தெரியுமா? பரதேசி ஆலயம்.

நம் ஊரில் பரதேசி என்றால் திட்டு. அங்கே அது வெறும் பெயர். வேறு தேசத்திலிருந்து வந்தவன், அவ்வளவுதான். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டிய நெறிமுறையும் நாகரிகங்களும் பாடத்தில் ஒரு பணி கொடுத்தார்கள். உன் சமயத்தைச் சேராத ஒரு நூலிலிருந்து ஓர் ஒழுக்கக் கருத்தை எடுத்துக்கொண்டு விளக்க வேண்டும். நான் இயந்திரவியல் மாணவன். இப்படிப்பட்ட பாடங்களை மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறவன். என் அறைத்தோழன் தமிழ்க் கிறிஸ்தவன். "லேவியராகமம் 19:34 எடுத்துக்கடா, சின்னதா இருக்கு, ஒரு பக்கத்துல முடிச்சிடலாம்" என்றான். எபிரேயத்தில் அந்த நூலுக்கு வாய்க்ரா என்று பெயர். மோசேயின் ஐந்து நூல்களில் மூன்றாவது.

வசனத்தின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். உங்கள் நாட்டில் உங்களோடு தங்கியிருக்கும் வெளியாளை உங்களில் பிறந்த ஒருவனாகவே வைத்துக்கொள்ள வேண்டும். உன் மேல் உனக்கு இருக்கும் அன்பு அவனுக்கும் போய்ச்சேர வேண்டும். காரணம், எகிப்தில் நீங்களும் வெளியாட்களாக இருந்தவர்கள்தான்.

படித்ததும் நம்மில் நிறைய பேருக்கு வரும் அதே எண்ணம்தான் எனக்கும் வந்தது: "இதெல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கே." கணியன் பூங்குன்றனார் இருக்கிறார். வந்த விருந்தாளியைத் தெய்வமாகப் பார்க்கச் சொல்லும் தைத்திரீய உபநிடதம் இருக்கிறது. திருக்குறள் 318 இருக்கிறது. தனக்கு எது வலிக்கும் என்று தெரிந்த ஒருவன் அதையே மற்ற உயிருக்கு ஏன் செய்கிறான் என்று வள்ளுவர் வியப்போடு கேட்கிறார். இந்த மூன்றையும் பட்டியல் போட்டு, "எங்கள் மரபு இதற்கு முன்பே சொல்லிவிட்டது" என்று முடித்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்குள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தப் பச்சைக் கம்பளத்துக்குள்ளேதான் லயங்கள் இருக்கின்றன. படத்தில் வராது, மடிப்பில் மறைந்திருக்கும்.

ஆடி மாதம், மாரியம்மன் திருவிழா. அன்னதானத்துக்கு வரிசையைச் சரிசெய்யும் பொறுப்பு எங்கள் இளைஞர் குழுவுக்கு. எனக்கு வாசல். கூட்டம் அதிகம், சாப்பாடு போதுமா என்ற பயம் வேறு. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பதினைந்து பேர் சட்டை மாற்றிக்கொண்டு, தலைவாரி வந்து வரிசையில் நின்றார்கள். குழுவில் ஒருவர் என் காதில் சொன்னார்: "நேப்பாள்காரன உள்ள விடு, அவன் நம்மாளு, சாமி கும்புடுவான். பங்ளாவ அப்புறம் வரச் சொல்லு. மொதல்ல நம்ம ஜனங்க சாப்பிடட்டும்."

நான் அப்படியே செய்தேன். நெற்றியில் குங்குமம் இருந்தவர்களை உள்ளே அனுப்பினேன். மற்றவர்களிடம் கையைக் காட்டி "நந்தி, நந்தி" என்றேன். மலாயில் அப்புறம், அப்புறம். அவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். என் பாட்டி வீட்டுக்கு எரிவாயு உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்து வைத்துவிட்டுப் போவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஆளைக் காணோம். சாப்பாடு மிச்சம்தான் ஆனது, அண்டா பாதிக்கு. சாயங்காலம் அதை என்ன செய்வது என்று கூட்டம் போட்டுப் பேசினோம்.

அப்போதும் எனக்கு அந்த வசனம் ஞாபகம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அன்று இரவு பாட்டி கேட்ட பிறகுதான் வந்தது. "அந்த உருளை தூக்குற பையன் சாப்பிட்டானா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். பாட்டி திட்டவில்லை. சினிமாவில் வருவது மாதிரி அறிவுரையும் சொல்லவில்லை. அவரும் அவர்களைப் பற்றிக் குறை சொல்கிறவர்தான். "இவனுங்க வந்துதான் தோட்டம் கெட்டுச்சு" என்று எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "பெர்மிட்காரப் பையன், பாவம்" என்றார். அப்புறம் அவருடைய அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

பாட்டியின் அப்பா அம்மா கங்காணியோடு ரஜூலா கப்பலில் வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910லேயே ஒழிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவது நடந்தது. 1938ல் இந்திய அரசு தடை போடும் வரை. இந்த மலையில் 1929ல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் தேயிலை பரவியது. காட்டை வெட்டியவர்கள், சரிவில் கன்று நட்டவர்கள், பாதை போட்டவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். பாட்டி இங்கேதான் பிறந்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. இன்றும் அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணில் பிறந்து எழுபத்தெட்டு வயதாகியும் ஓட்டு கிடையாது.

1969 கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆனது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் அப்போது மூட்டை கட்டினார்கள். பாட்டிக்கு எப்படியோ பெர்மிட் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் அதே ரஜூலாவில் திரும்பிப் போனார். தான் பார்த்தே இராத ஊருக்கு! சில கடிதங்கள் வந்தன. அப்புறம் வரவில்லை.

"பெர்மிட்" என்ற சொல்லை நான் வங்காளதேசத் தொழிலாளர்களோடு வந்த சொல் என்றே நினைத்திருந்தேன். அது எங்கள் லயத்துச் சொல். எங்கள் வீட்டு அழுகையில் இருந்த சொல்.

அதற்குப் பிறகுதான் அந்த வசனத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை மதிப்பெண்ணுக்காக இல்லை. எனக்கு எபிரேயம் தெரியாது. உரைகளையும் சொல்லுக்குச் சொல் விளக்கம் தரும் நூல்களையும் வைத்துத்தான் தட்டுத்தடுமாறிப் படித்தேன். அதில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

வெளியாள் என்று நான் சொன்ன சொல்லுக்கு எபிரேயத்தில் கேர். தங்குவது என்ற வினையிலிருந்து வந்தது. வழிப்போக்கன் இல்லை, வியாபாரத்துக்கு வந்து போகிறவனும் இல்லை. வந்து, தங்கி, வேலை செய்து, ஆனால் நிலமும் சொந்தபந்தமும் இல்லாமல் இருப்பவன். இங்கேதான் என் முதல் பட்டியல் உடைந்தது. நம் மரபில் நான் மேற்கோள் காட்டியது விருந்தாளியை. விருந்தாளி போய்விடுவான்! மூன்று நாள் வடை பாயாசம் போடலாம், யாருக்கும் கஷ்டமில்லை. போகாமல் பக்கத்து லயத்தில் இருக்கிறவன், நம் கடையில் கடன் சொல்கிறவன், நம் பஸ்ஸில் உட்காருகிறவன், அவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அந்த வசனம் எடுத்துக்கொண்ட கேள்வி. நான் ஒரு கேள்விக்கு வேறு விடையை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருக்கும் சொல் அந்நியன். நம் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள், "அந்நியத் தொழிலாளர்" என்றுதான் தினமும் போடுகிறார்கள். அதே சொல். எனக்கு என்னவோ பரதேசி என்பதே பொருத்தமாகப் படுகிறது. பாலா 2013ல் எடுத்த படத்துக்கும் அந்தப் பெயர்தானே? வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட நம் சனங்களின் கதை. அந்தப் படத்தைப் பார்த்து விடுதியில் நாங்கள் எல்லோரும் அழுதோம். அதே விடுதியின் கழிவறையைச் சுத்தம் செய்த ஆளின் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

கேருக்கு எதிர்ப்பதம் எஸ்ராஹ். மண்ணிலேயே பிறந்தவன். சங்கீதத்தில் ஓரிடத்தில் இந்தச் சொல் தன் சொந்த மண்ணில் வேர்விட்டு வளரும் மரத்தைக் குறிக்கிறது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கேமரன் மலையில் எது எஸ்ராஹ்? தேயிலை வெளியிலிருந்து வந்த செடி. ஸ்ட்ராபெரி, முட்டைக்கோஸ், செவ்வந்தி எல்லாம் வந்தவை. மலையின் பெயரே 1885ல் அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரருடையது. மண்ணோடு பிறந்தவர்கள் என்றால் அது செமாய் பூர்வகுடி மக்கள். அவர்கள் பாதையோரத்தில் பெத்தாயும் காட்டுத்தேனும் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற எல்லோரும் கேர்தான். யார் முதலில் லோரியிலிருந்து இறங்கினோம் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது சொல் கமோகா. உன்னைப் போல. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்கிறார்கள். உன்னை நேசிப்பது போல அவனை நேசி என்பது ஒன்று. அவனும் உன்னைப் போன்றவனே, ஆகவே நேசி என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்தபோது கீதையின் 6ஆம் அத்தியாயம் 32ஆம் சுலோகம் நினைவுக்கு வந்தது. தன்னை அளவுகோலாக வைத்து எல்லா உயிரின் இன்பதுன்பத்தையும் சமமாகப் பார்ப்பவனே உயர்ந்த யோகி என்று கண்ணன் சொல்லும் இடம். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இலக்கணத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். "அவனை நேசி" என்று இரண்டாம் வேற்றுமையில் வர வேண்டிய இடத்தில், எபிரேய மூலம் "அவனுக்கு" என்று நான்காம் வேற்றுமை மாதிரி நிற்கிறது. 18ஆம் வசனத்தில் அயலானை நேசிக்கச் சொல்லும் இடத்திலும் இப்படித்தான். 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நக்மனிதெஸ் இதைக் கவனித்து, ஒருவன் மற்றவனைத் தன் உயிர் அளவுக்கு உணர்ச்சியால் நேசிப்பது நடக்காத காரியம், ஆகவே உனக்கு நீ விரும்பும் நன்மை அவனுக்கும் கிடைக்கட்டும் என்று விரும்புவதைத்தான் இது கேட்கிறது என்று விளக்குகிறார். எனக்கு இது பெரிய நிம்மதி. முகம் தெரியாத ஒருவனிடம் பாசம் பொங்கவில்லையே என்று நான் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வரிசையில் நிற்க விட்டால் போதும்.

அந்த அத்தியாயமே அப்படித்தான், தரையில் கால் பதித்துப் பேசுகிறது. வயலை ஓரம் வரை அறுக்காதே, ஏழைக்கும் வெளியாளுக்கும் விட்டுவை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே. நம் வசனம் முடிந்த உடனே அடுத்து வருவது எது தெரியுமா? தராசு. படிக்கல்லும் அளவையும் சரியாக இருக்கட்டும் என்கிறது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "பின்ன? கொழுந்து நிறுக்குற எடத்துலதான எல்லாம்" என்றார். அவர் சிறுவயதில் கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டுத்தான் எடை எழுதுவார்களாம். மழையில் பறித்த கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது எழுதுகிறவரின் மனநிலையைப் பொறுத்ததாம். வெளியாளைப் பற்றிய வசனத்துக்குப் பக்கத்திலேயே தராசு ஏன் வந்தது என்று எந்த உரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இன்று கூடை இல்லை, தராசு மின்னணு, இரண்டு பேர் பிடித்து ஓட்டும் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி பூட்டி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவரின் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இப்போது எனக்கு உண்மையில் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

யூத சட்ட மரபில் பிற்கால அறிஞர்கள் பலர் கேர் என்ற சொல்லைச் சுருக்கிவிட்டார்கள். வெளியாள் என்றால் எல்லா வெளியாளும் இல்லை, நம் மதத்தில் வந்து சேர்ந்தவன் என்று பொருள் கொண்டார்கள். சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டுமே! அதே லேவியராகமத்தின் 25ஆம் அத்தியாயம் வேற்று இனத்தவரை அடிமையாக வாங்கி வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு நூலில் உயரமான இடமும் இருக்கும், பள்ளமும் இருக்கும். இதைப் படித்தபோது, "பார்த்தியா, அவங்க வேதமே அப்படித்தான்" என்று ஒரு கணம் திருப்திப்பட்டேன். அடுத்த கணம் கோயில் வாசல் ஞாபகம் வந்தது. குங்குமம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் நந்தி. நான் செய்ததும் அதே சுருக்கல்தானே? பரதேசியிலும் நம்ம பரதேசி, வேற பரதேசி என்று பிரித்தேன்.

ஆனால் அந்தச் சுருக்கலுக்கு வசனமே இடம் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைப் பாருங்கள்: நீங்கள் எகிப்தில் கேர்களாக இருந்தீர்கள். எகிப்தில் அவர்கள் எகிப்தியரின் மதத்தில் சேர்ந்தா இருந்தார்கள்? தங்கள் தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு அடுத்தவன் மண்ணில் செங்கல் அறுத்தார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ இங்கேயும் அதே பொருள்தானே இருக்க வேண்டும்? ஒரு சமன்பாட்டில் ஒரே குறியீட்டுக்கு இடது பக்கம் ஒரு மதிப்பு, வலது பக்கம் ஒரு மதிப்பு போட முடியாது. நம் கொள்ளுப்பாட்டனை வெள்ளைக்காரன் மனிதனாக நடத்தியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது, அவர் கிறிஸ்தவராக மாறியிருந்தால் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறோமா?

எங்கள் மாமா ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "நீ வெளியாளா இருந்தியா? உங்கப்பா இருந்தாரா? நீ நீல ஐசி. தாத்தா பட்டத வெச்சு நீ ஏன் கடன் கட்டணும்?" இதற்கு விடை அதே மோசேயின் ஐந்தாவது நூலில் இருந்தது. உபாகமம் 10ஆம் அத்தியாயத்தில் இந்தக் கட்டளை திரும்ப வருகிறது. அப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எகிப்திலிருந்து புறப்பட்ட தலைமுறை இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 40 ஆண்டு வனாந்தரத்தில் இறந்துபோனார்கள். நிற்பவர்கள் பிள்ளைகள். எகிப்தைச் சிறுவயதில் விட்டவர்கள் அல்லது பார்த்தே இராதவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் "நீங்கள் இருந்தீர்கள்" என்கிறார். "உங்கள் தகப்பன்மார்" என்று சொல்லவில்லை. பஸ்கா விருந்தில் இன்றும் ஒவ்வொரு யூதனும் தானே எகிப்திலிருந்து வெளியே வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் மரபு. கேரை நினைவூட்டும் இடங்கள் வேதத்தில் 36 என்று தல்மூதில் ஒரு கணக்கு இருக்கிறது; இல்லை 46 என்றும் அங்கேயே ஒரு கட்சி இருக்கிறது. ஏன் அத்தனை தடவை? மறந்துபோகும் என்பதால்தான். அதைவிட மோசமாக, தப்பாக ஞாபகம் வைத்துக்கொள்வோம் என்பதால்.

இதை மாமியார் கணக்கு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மருமகளாக இருந்தபோது பட்டதை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கும் பெண், மாமியார் ஆனதும் அதைத் தன் மருமகளிடம் வசூலிக்கிறாள். ராகிங் செய்யும் சீனியரிடம் கேளுங்கள், "நாங்களும் பட்டோம்" என்பான். மாமாவும் கடைசியில் அதைத்தான் சொன்னார்: "நமக்கு யாருடா வரிசை விட்டாங்க?" பட்ட துன்பம் தானாக இரக்கமாக மாறும் என்று யார் சொன்னது? பெரும்பாலும் அது இன்னொருவனிடம் கேட்கும் வட்டியாகத்தான் மாறுகிறது. தானாக நடப்பதாக இருந்தால் எதற்குக் கட்டளை போட வேண்டும்?

நம் வேதாந்தம் வேறு வழியில் வருகிறது. அவனிலும் உன்னிலும் இருப்பது ஒரே ஆன்மா, ஆகவே அவனைத் துன்புறுத்துவது உன்னையே துன்புறுத்துவது. இது அந்த வசனத்தைவிட ஆழமானது என்று நான் இன்றும் நம்புகிறேன். யாருடைய கடந்த காலத்தையும் நம்பி நிற்கவில்லை. எகிப்துக்கே போகாதவனையும் அது கட்டும். ஆனால் என் அனுபவத்தில் ஒரு சிக்கல். "எல்லாம் ஒரே ஆன்மா" என்று எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும், சமய வகுப்பில் பரிசு வாங்கியிருக்கிறேன். வாசலில் கையை நீட்டித் தடுத்தபோது அது எனக்கு உதவவில்லை. அவ்வளவு உயரத்தில் இருக்கும் உண்மை கை வரைக்கும் இறங்கி வர நேரமாகிறது. பெர்மிட் என்ற ஒரு சொல் உடனே இறங்கியது. கிளிங் என்ற சொல்லும் அப்படித்தான். இடைநிலைப்பள்ளியில் என்னை அப்படி ஒருவன் கூப்பிட்டபோது காது சூடானது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வங்காளதேசத்துக்காரரைப் "பங்ளா" என்று நாம் கூப்பிடும் தொனியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். நாட்டின் பெயரைச் சுருக்கினோம், அவ்வளவுதானே என்று சொல்வோம். கிளிங் என்பதும் கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

சம்பளப் பிரச்சினையை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெளியாட்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் ஆட்களின் கூலி ஏறவில்லை என்ற குறையில் உண்மை இருக்கிறது. எத்தனை பேரை விடுவது, என்ன கூலி, யார் பொறுப்பு என்பது அரசாங்கமும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேச வேண்டியது. அதில் நானும் குரல் கொடுப்பேன். அந்தக் கோபத்தை உருளை தூக்கி வந்தவரின் சாப்பாட்டுத் தட்டில் காட்டியது எந்தக் கணக்கில் சேரும்? அதோடு, எங்கள் லயத்தில் என் வயதுப் பையன்களில் ஒருவனும் கொழுந்து பறிக்கப் போவதில்லை. போக வேண்டாம் என்றுதான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

நந்தி என்று எழுதும்போதெல்லாம் திருப்புன்கூர் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போக அனுமதி இல்லாமல் வெளியே நின்ற நந்தனாருக்காக, சிவபெருமான் மறைத்துக்கொண்டிருந்த நந்தியைத்தான் விலகச் சொன்னார். நந்தனாரை விலகச் சொல்லவில்லை. இன்றும் அங்கே நந்தி சற்று விலகித்தான் இருக்கிறது. இந்தக் கதையை நான் சமய வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று சொன்ன அவரைத் திருநாளைப்போவார் என்று கும்பிடுகிறோம். நான் ஒருவரை அப்புறம் வா என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதே சாயங்காலம் அறுபத்துமூவர் படத்துக்கு மாலை போட்டேன்.

விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு அவரைத் தேடிப் போனேன். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்குவது பழைய லயத்தில். பாட்டி பிறந்து வளர்ந்த அதே வரிசை. தகரம் மாற்றியிருக்கிறார்கள், முன்னால் இருந்த கொய்யா மரம் அப்படியே இருக்கிறது. ஆறு பேர் ஓர் அறையில். அவர் இல்லை. பெர்மிட் முடிந்து போன வாரமே ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒருவர் போய்த் தேநீர் கலக்கினார். நிறைய இஞ்சி, நிறைய சர்க்கரை. அவர்கள் நின்றுகொண்டே குடித்தார்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திருவிழாக் குழுவின் கூட்டம் அடுத்த மாதம் இருக்கிறது. அன்னதானத்துக்கு ஒரே வரிசை, வந்த வரிசைப்படி என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதரவாக இதுவரை கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர். மாமா இன்னும் போடவில்லை, யோசிக்கிறேன் என்றார். தீர்மானம் தோற்றாலும் எனக்கு வாசல் பொறுப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.